ஹம் நகரிற் காமாட்சி

கோயிலில்லாத ஊரிற் குடியிருத்தல் தகாதென்பது தமிழர் நெடுங்காலமாகப் போற்றிவரும் கொள்கை. குடியிருக்கும் ஊரைத் தாமே தெரிந்தெடுக்க இயலாத நிலை வந்துற்றபோதும் ஈழத்துச் சைவர் இக்கொள்கையைக் கைவிட்டிலர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயா சென்ற யாழ்ப்பாணத்தார் றெயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பெற்று, நிலைபெற்ற ஊதியத்தோடும் அதனால் வந்த மதிப்போடும் வாழ்ந்தனர். குவாலாலம்பூரிலே ஸ்கொட் வீதியிலுள்ள கந்தசுவாமி கோயில் அவ்வாழ்வின் பயனாய் எழுந்தது. 1983ஆம் ஆண்டின் பின் ஜேர்மனி சேர்ந்தோர் நிலை முற்றிலும் வேறு. அவர் கையில் நியமனக் கடிதம் இல்லை, மொழி தெரியாது, நாளை அந்நாட்டிலே தங்கியிருக்க விடுவார்களோ என்பதும் தெரியாது. அத்தகையோர் அமைத்த கோயிலின் வரலாறு, மலாயாக் கோயில்களின் வரலாற்றைப் போன்று நேராகச் செல்லும் ஒன்றன்று.

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றாலும் ஒரு கோயில் சிறப்புறும் என்பர். ஈழத்திலும் தமிழகத்திலும் உள்ள பழைய கோயில்களின் புராணங்களை நோக்கின், பெரும்பாலும் தலமே முற்பட்டு நிற்றல் காணலாம். ஒரு மரநிழல், ஒரு புற்று, பசு பால் சொரிந்த ஓரிடம், அடியார் ஒருவர் கண்ட கனவு என்றிவற்றுள் ஒன்று இடத்தைக் காட்டும். மூர்த்தி அங்கே வெளிப்படும். அருகில் ஊற்றோ கடலோ குளமோ தீர்த்தமாகும். ஜேர்மனி நாட்டின் வெஸ்ற்பாலியாப் பகுதியிலுள்ள ஹம் நகர் ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயத்தில் இம்முறை தலைகீழாயிற்று. அங்கு மூர்த்தியே முன் வந்தது. தலத்தைக் காட்டியது நகராட்சியின் நிலப்பயன்பாட்டுச் சட்டம். தீர்த்தமாக வாய்த்ததோ நிலக்கரிக் கப்பல்களுக்கென வெட்டிய கால்வாய்.

எழுபதுகளின் இறுதியிலிருந்தே ஈழத்தமிழ் இளைஞர் சிலர் மேற்கு ஜேர்மனியில் அடைக்கலம் கோரினர். 1983 யூலைக் கலவரத்தின் பின் அத்தொகை பெருகிற்று. கிழக்கு பேர்லினில் விமானத்தில் வந்திறங்கி, அங்கிருந்து நகரப் புகைவண்டி ஏறி மேற்கு பேர்லினுட் செல்வது அக்காலத்து வழி. கிழக்கும் மேற்கும் ஒன்றே நகரமென்பது மேற்கு ஜேர்மனியின் கொள்கையாதலின், அவ்வெல்லையில் மேற்குப் பக்கத்தார் கடவுச்சீட்டைப் பார்ப்பதில்லை. இரு நாட்டு அரசியற் பிணக்கின் இடுக்கிலே திறந்து கிடந்த இச்சிறு வாயிலாற் பல்லாயிரவர் நுழைந்தனர். 1985ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அவ்வழி தமிழர்க்கு அடைபட்டது.

வந்தோரை ஓரிடத்திற் குவியவிடாது மாநிலந்தோறும் விகிதப்படி பகிர்ந்து, அங்கிருந்து சிற்றூர்களுக்கும் சிறு நகரங்களுக்கும் அனுப்புவது அந்நாட்டு அரசின் முறை. 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி, விண்ணப்பம் தீர்க்கப்படும்வரை ஒருவர் தமக்குக் குறித்த மாவட்ட எல்லையை அனுமதியின்றிக் கடத்தலாகாது. தொழில் செய்தற்கும் தடை இருந்தது. ஒரு விடுதியில் நால்வரும் இருபது மைல் அப்பால் அறுவருமாகச் சிதறுண்ட மக்களிடையே கோயில் என்பது நினைத்தற்கும் அரியதாயிற்று. அறையின் மூலையிலே நாட்காட்டியிலிருந்து வெட்டிய நல்லூர் வேலனது படமோ நயினாதீவு நாகபூஷணி படமோ ஒட்டி, முன்னே ஒரு விளக்கேற்றுவதே வழிபாடாக இருந்தது. விடுதிக் காவலர் தீவிபத்துக்கு அஞ்சுவராதலின் அவ்விளக்கும் பலவிடத்து மின்விளக்காயிற்று.

மக்கட்டொகை மிகுந்த மாநிலம் நோர்த் றைன் வெஸ்ற்பாலியா. விகிதப் பங்கீட்டில் அதற்கே பெரும்பங்கு வந்தமையால், றூர் ஆற்றுப் படுகையின் சுரங்க நகரங்களிலும் அவற்றை அடுத்த ஊர்களிலும் தமிழர் தொகை கூடிற்று. அத்தொழிற்படுகையின் கிழக்கெல்லையிலே, லிப்பே ஆற்றங்கரையில் உள்ளது ஹம். புகைவண்டிப் பாதைகள் பல சந்திக்கும் இடம். நிலக்கரிச் சுரங்கங்களால் வளர்ந்தது. ஏறத்தாழ 180,000 மக்கள் வாழ்வது. அந்நகரில் மூடப்பட்ட சுரங்கம் ஒன்றன் நிலக்கரி கழுவும் கட்டடத்தை 1984ஆம் ஆண்டுத் தோட்டக்கலைக் கண்காட்சிக்காகத் துதிக்கையோடு கூடிய மாபெரும் கண்ணாடி யானையாக மாற்றியமைத்தனர். விநாயகரை அறியாத ஒரு நகரம், அம்பாள் எழுந்தருளுமுன்னரே யானை ஒன்றைத் தனக்கு அடையாளமாக நாட்டிக்கொண்டது தற்செயலே. எனினும் சைவர் அதனைக் கேட்டு முறுவலியாதிரார்.

சிவஸ்ரீ ஆறுமுகம் பாஸ்கரக்குருக்கள் 1985இல் அகதியாக ஜேர்மனி வந்தவர். 1989இல் ஹம் நகரில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையிற் காமாட்சி அம்பாளுக்குச் சிறு வழிபாட்டிடம் அமைத்தார். நிலக்கீழ் அறையிற் கோயிலா என இன்று வியப்போர், அக்காலத்து ஜேர்மன் நகரங்களில் இருந்த தமிழ்க் கோயில்கள் பலவும் அவ்வாறே தோன்றின என்பதை நினைத்தல் வேண்டும். வாடகை குறைவு, அயலார்க்கு ஓசை கேளாது, வீட்டுக்காரர் மறுப்பதும் அரிது. சட்டத்தின் முன் கோயில் என்றொரு பொருள் அவர்களுக்கு இல்லை. ஏழு பேர் கூடிக் கையொப்பமிட்டாற் பதிவுபெற்ற சங்கம் ஒன்று தொடங்கலாம். அச்சங்கமே கோயிலின் உடைமையாளர், அதன் தலைவரே தருமகர்த்தா. யாழ்ப்பாணத்திற் பரம்பரை உரிமை பற்றி நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்காக நிகழ்ந்த கோயில் வழக்குகளை அறிந்தோர்க்கு இவ்வேற்பாட்டின் எளிமை வியப்பளிக்கும். ஜேர்மனியின் தமிழ்க் கோயில்களை நெடுங்காலம் ஆராய்ந்த சமயவியலறிஞர் மார்ற்றின் பௌமான், 1999ஆம் ஆண்டளவில் அங்கே இருபது கோயில்களை எண்ணினார். ஏறத்தாழ 60,000 தமிழர்க்கு அவை. அவற்றுட் பல, வெளியே பெயர்ப்பலகை தவிர வேறு குறியில்லாத கட்டடங்கள்.

ஹம் நகர்க் கோயில் சில ஆண்டுகளில் நிலக்கீழ் அறையை விட்டு, முன்னர்ச் சலவைத் தொழிலகமாக இருந்த ஒரு கட்டடத்தில் இடம்பெற்றது. ஏனைய கோயில்களிலிருந்து அதனைப் பிரித்துக் காட்டிய செயல் 1993இல் நிகழ்ந்தது. அவ்வாண்டில் அம்பாள் முதன்முறையாக ஜேர்மன் வீதியில் உலா வந்தார்.

இச்செயலின் பொருளை நன்கு உணர்தற்கு, ஆகமங்கள் பூசையை ஆன்மார்த்தம், பரார்த்தம் என இருவகைப்படுத்துவதை நினைவுகூர்தல் வேண்டும். ஒருவர் தம்பொருட்டுத் தம்மில்லத்தில் ஆற்றுவது ஆன்மார்த்தம். உலகின்பொருட்டு ஆலயத்தில் ஆற்றப்படுவது பரார்த்தம். கதவடைத்த நிலக்கீழ் அறையில் நாற்பது பேர் கூடி வழிபடினும், அது பெரியதொரு வீட்டுப்பூசை போன்றதேயன்றி, அறியாதவர் கண்ணுக்கு ஆலயமாகாது. மகோற்சவத்திலே இறைவன் வாயில் கடந்து வெளிவருவது, உள்ளே வர இயலாதோர்க்கும் வாராதோர்க்கும் காட்சி கொடுத்தற்பொருட்டு என்பர். நோயாளர், முதியோர், அயலூரார் என்போரை எண்ணி அமைந்த இம்மரபு, ஹம் நகரில் இன்னொரு வகையினரை உள்ளடக்கிற்று. காமாட்சி என்னும் பெயரையே கேட்டிராத வெஸ்ற்பாலியா மக்கள், தம் வீட்டுச் சாளரத்தில் நின்றவாறே அம்பாளைக் கண்டனர். அவருட் பலர் வெறுங் காட்சியாகவே கண்டிருப்பர். ஆயினும், அந்நாள் தொடக்கம் அக்கோயில் தமிழரின் அந்தரங்கமாக இருத்தல் ஒழிந்தது.

ஒளிந்து வாழ்ந்து பழகிய மக்களுக்கு இஃது எளிய துணிவன்று. வீதியுலாவுக்கு நகராட்சியின் அனுமதி வேண்டும். பொலிசார் போக்குவரத்தை மறித்து வழிவிட வேண்டும். எந்தப் பொலிசாரிடம் தம் அடையாள அட்டையை அச்சத்தோடு நீட்டினரோ, அவர்களே அம்பாளின் முன்னே நடந்து வழியொதுக்கினர். ஆண்கள் வீதியிற் பிரதட்டை பண்ணவும், பெண்கள் அடியழிக்கவும், காவடிகள் ஆடவும், நாதசுரமும் தவிலும் முழங்கின. ஊரில் நேர்ந்துவைத்துத் தீர்க்க இயலாத நேர்த்திக்கடன்கள் எத்தனையோ மனத்திற் கிடந்தன. அவற்றைத் தீர்த்தற்கு ஓரிடம் உண்டு என்னும் செய்தி பிரான்சு, ஒல்லாந்து, சுவிற்சலாந்து எனப் பல நாடுகளிலும் வாழ்ந்த உறவினர்க்குத் தொலைபேசி வழியாகப் பரவிற்று. முதலிற் சில நூற்றுவர் கூடிய விழாவிலே, அப்பத்தாண்டு முடியுமுன் பல்லாயிரவர் திரண்டனர்.

அவ்வளர்ச்சியே இடரும் ஆயிற்று. குடிமனைகள் நெருங்கிய ஒரு தெருவில் ஆயிரக்கணக்கான மோட்டார் வண்டிகள் வந்து நின்றால் விளைவதை விரித்துரைக்க வேண்டியதில்லை. அயலவர் தம் வீட்டு வாயிலை அடைக்கும் வண்டிகள் பற்றியும், ஓசை பற்றியும், சிதறிக் கிடந்த குப்பை பற்றியும் முறையிட்டனர். சலவைத் தொழிலகமாயிருந்த கட்டடத்திற் கழிப்பிட வசதியும் போதாது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நகராட்சியினர் அவ்விடத்தில் ஆலயம் தொடர்ந்து நடத்தலாகாதெனத் தடுத்தனர்.

இதனைச் சமயப் பகையென்று கொள்வது எளிது, ஆனாற் சரியன்று. யாழ்ப்பாணத்து ஒழுங்கையொன்றில் அத்தனை வண்டிகள் வந்து நின்றிருப்பின் அவ்வொழுங்கையாரும் முறையிட்டேயிருப்பர். அயலவரின் முறைப்பாடு பெரும்பாலும் நியாயமானது. அந்நாட்டு அடிப்படைச் சட்டத்தின் நான்காம் பிரிவு சமய வழிபாட்டுச் சுதந்திரத்தை அனைவர்க்கும் உறுதிசெய்கின்றது; அச்சுதந்திரம் வண்டி தரிக்கும் இடத்தையோ கழிவுநீர்க் குழாயையோ தாராது. நகராட்சியினரும் தடுத்ததோடு நில்லாது, வேறு நிலம் தேடுதற்கு உடன்பட்டனர். அவ்வாறு கிடைத்ததே நகரின் கிழக்குப் புறத்தில் ஊன்ரொப் என்னும் பகுதியில் உள்ள கைத்தொழிற் பேட்டை நிலம்.

இந்நிலத்தைப் பற்றிக் குறைகூறுவோர் உளர். அதே பேட்டையில் இறைச்சித் தொழிற்சாலை உண்டு. ஆலயம் எழுந்த நாளில் ஊன்ரொப்பிலே நிலக்கரி மின்நிலையம் புகை கக்கிக்கொண்டிருந்தது; அதன் அயலிலேயே 1989இல் நிறுத்தப்பட்ட தோரிய அணுவுலையும் கிடந்தது. புலால் நாற்றமும் கரிப்புகையும் சூழ்ந்த நிலம் அம்பாளுக்குரிய தலமாகுமோ என்னும் வினா புறக்கணிக்கத்தக்கதன்று. கருஷணம் முதற் பிரதிட்டை ஈறாகக் கிரியைகளை வகுத்த ஆகமங்கள், நிலத்தின் நிறமும் மணமும் சுவையும் பார்த்து, எருது பூட்டி உழுது, தானியம் விதைத்து முளைகண்டு, பின்னரே அதனைக் கோயிலுக்கு உரியதாகக் கொள்ளுமாறு கூறும். ஆயினும் அவ்விதிகளின் உட்கிடை நோக்கத்தக்கது. நிலம் இயல்பாகவே தூயதாக இருத்தல் வேண்டுமென்பது மட்டும் கருத்தாயின், இத்துணைச் சாந்திக் கிரியைகள் வேண்டப்படா. உழுதலும் விதைத்தலும் வாஸ்து சாந்தியும் நிலத்தைத் தூயதாக ஆக்கும் செயல்கள். ஆக்கப்படும் தூய்மைக்கு வெஸ்ற்பாலியா மண் விலக்கன்று.

உலகியல் நோக்கிற் பார்த்தாலோ, குறையெனப்பட்ட இவ்விடமே ஆலயத்துக்குப் பெருவாய்ப்பாயிற்று. கைத்தொழிற் பேட்டையில் அண்டைக் குடிமனைகள் இல்லை. எனவே தவிலும் மணியும் அதிகாலையில் ஒலித்தாலும் முறையிடுவார் இல்லை. விழா நாட்களில் வண்டிகள் நிற்க அகன்ற வீதிகள் உண்டு. நகரின் நடுவே, பழைய மாதாகோயில்களின் நிழலிலே இடம் கிடைத்திருப்பின், வெளித்தோற்றத்தில் மற்றைக் கட்டடங்களோடு ஒத்ததாகவே அதனை அமைக்க நேர்ந்திருக்கும். தொழிற்சாலைகளிடையே ஒரு கோபுரம் எழுவதை மறுத்தற்குரிய தெருவழகு எதுவும் ஊன்ரொப்பில் இல்லை. ஒதுக்குப்புறம் என எண்ணித் தரப்பட்ட இடத்திலேதான் திராவிட முறையிலான முழுக்கோயில் எழக்கூடியதாயிற்று.

2000ஆம் ஆண்டிற் கட்டட வேலை தொடங்கிற்று. கட்டட வரைபடத்தை ஆக்கியவர் ஹம் நகரத்துக் கட்டடக்கலைஞர் ஹைன்ஸ் றைனர் ஐக்ஹோர்ஸ்ற். சிற்ப வேலைக்குத் தமிழகத்திலிருந்து சிற்பிகள் வருவிக்கப்பட்டனர். மானசாரம், மயமதம் முதலிய நூல்களின் வழிவந்த அளவு முறையும், தீயணைப்பு, வெப்பக்காப்பு, சுமைதாங்கு திறன் பற்றிய ஜேர்மன் ஒழுங்குவிதிகளும் ஒரே கட்டடத்தில் இணங்குதல் வேண்டும். ஆலய மண்டபம் பக்கத்துக்கு 27 மீற்றராகச் சதுரமாக அமைந்தது; இராசகோபுரம் 17 மீற்றர் உயர்ந்தது; புறச்சுவர்கள் ஈழத்தார்க்குப் பழகிய வெள்ளையும் சிவப்புமான பட்டைகள் பெற்றன. ஊரிலே திறந்த வீதியாக இருக்கும் உட்பிரகாரம் இங்கே கூரையின் கீழ் அடங்கிற்று. பனிக்காலத்தில் வெறுங்காலோடும், ஆடவர் திறந்த மேனியோடும் வலம்வருதல் வேறெவ்வாறு இயலும்? ஆகமம் காலதேச வர்த்தமானத்துக்கு இடங்கொடுக்கும் என்பது வெறுஞ் சமாதானமன்று.

2002 யூலை 7ஆம் நாள் மகாகும்பாபிஷேகம் நிறைவேறிற்று. நிலக்கீழ் அறையிற் பூசை தொடங்கிப் பதின்மூன்று ஆண்டுகள் சென்றிருந்தன. பிரித்தானியா நீங்கலான ஐரோப்பாவிலே திராவிட முறையில் அமைந்த கோயில்களுட் பெரியவற்றில் ஒன்றாக இது பேசப்படலாயிற்று. ஆலயத்துக்கு வருவோரும் ஈழத்தமிழர் மட்டுமல்லர். வட இந்தியரும் வருவர். ஜேர்மன் பாடசாலை மாணவர் ஆசிரியரோடு வந்து, காலணி கழற்றி நிலத்தமர்ந்து விளக்கம் கேட்பர். திருமணம், சோறூட்டல், ஏடு தொடக்கல் என்பனவற்றுக்குத் தொலைவிலிருந்து குடும்பங்கள் வருகின்றன.

எல்லாம் நிறைவென்று சொல்லுதற்கில்லை. ஒரு நகரிலே ஒரு கோயில் போதாதென்று இரண்டு மூன்று தொடங்கி, எதற்கும் போதிய அடியாரின்றி இடர்ப்படும் வழக்கம் ஊரிலிருந்து ஐரோப்பாவுக்கும் உடன் சென்றுள்ளது. அதனிலும் பெரிய இடர் மொழி. அங்கே பிறந்த பிள்ளைகளிற் பலர் அர்ச்சனையின்போது தம் நட்சத்திரத்தைத் தாயிடம் கேட்டே சொல்வர். தேவாரத்தை ஜேர்மன் எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவோரும் உளர். அவ்வாறாயினும் பாடுகின்றனரே எனச் சிலர் அமைதி காண்பர். எழுத்து மாறினாற் பொருளும் மாறாதோ எனச் சிலர் கவல்வர். வழிபாடு மட்டும் நின்று மொழி மறைந்த நிலையை மொரீசியசிலும் தென்னாபிரிக்காவிலும் தமிழ்க்குடிகள் பலவற்றிற் காண்கிறோமாதலின், இரண்டாவது கவலையே வலியுடையது. கோபுரம் அமைத்த கைகள் அருகிலே ஒரு திண்ணைப் பள்ளியையும் உறுதியாக அமைத்தாலன்றி இக்கவலை தீராது.

இனித் தீர்த்தத்தைப் பற்றிச் சில கூறவேண்டும். டற்றெல்ன் என்னும் ஊரிலிருந்து ஹம் நோக்கி வரும் கால்வாய் 1914இல் ஹம் துறைமுகம்வரை திறக்கப்பட்டது. 47 கிலோமீற்றர் நீளமுடைய அது, ஊன்ரொப் பகுதியில் மின்நிலையத் துறையோடு முடிகின்றது. நிலக்கரியை ஏற்றிச்செல்வது மட்டும் அதன் பணியன்று. லிப்பே ஆற்றின் நீரை ஹம் நகரில் உள்வாங்கி, றூர்ப்பகுதியின் மற்றைக் கால்வாய்கள் வற்றாது காப்பதும் அதன் பணி. எனவே, பார்வைக்கு அசைவற்றதொரு வாய்க்காலாகத் தோன்றினும், அஃது ஆற்றுநீரே. அங்கிருந்து மேற்கு நோக்கிச் சென்று பல நகரங்களைத் தொடுவது. பொறியியலாளர் கப்பலுக்கென வகுத்த இவ்வமைப்பை அம்பாளின் அடியார் அறிந்து தெரிந்தாரல்லர். கீரிமலைக் கடலும் மாவிட்டபுரத்துக் கேணியும் எட்டாத தொலைவில் இருந்தமையால், அருகிற் கிடைத்த நீரைத் தெரிந்தனர்.

ஆண்டுதோறும் மே, யூன் மாதங்களிற் கொடியேறி இரு வாரம் நிகழும் மகோற்சவத்திலே, தேர் நாளன்று பதினையாயிரம் முதல் இருபதினாயிரம் வரையிலான மக்கள் கூடுவதாகச் செய்தித்தாள்கள் எழுதிவந்துள்ளன. தொழிற்சாலை மதில்களை ஒட்டிய வீதியிலே வடம் பிடித்துத் தேரை இழுப்பர். தேங்காய்கள் குவியல் குவியலாக உடைபடும். தேரின் மறுநாள் தீர்த்தம். தேர்த்திருவிழா அழித்தலையும் தீர்த்தத்திருவிழா அருளலையும் குறிக்கும் என்பது ஆன்றோர் கொள்கை. அன்று கூட்டம் குறைவு. பிறநாட்டார் பலரும் வேலைநாளை எண்ணித் திரும்பியிருப்பர். அம்பாளைக் கால்வாய்க் கரைக்கு எழுந்தருளச் செய்து, மந்திரம் ஓதி, அந்நீரிலே தீர்த்தமாட்டுவர். கரையில் நிற்போர் அந்நீரை அள்ளித் தலையிற் தெளித்துக்கொள்வர். சிலர் இறங்கி முழுகுவர். ஊருக்குக் கொண்டுசெல்லப் போத்தலில் நிரப்புவோரும் உளர். பின்னர் அம்பாள் ஆலயம் மீள்வார். மாலையிற் கொடி இறங்கும்.